லினக்ஸ் மிண்ட் 22.1: அடித்தளத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஆறு மாதம்

தங்கை வந்திருந்தபோது என் பழைய லேப்டாப்பைத் திறந்து பத்து நிமிடம் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திரும்பி, "அக்கா, பெருசா என்னமோ மாத்திட்டேன்னு சொன்னே, எல்லாம் அப்படியேதானே இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவள் திறந்தது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், லிப்ரே ஆஃபீஸில் ஒரு கணக்குத் தாள், விஎல்சி-யில் ஒரு வீடியோ. மூன்றும் முன்பும் இதே லேப்டாப்பில் இருந்தவை, முன்பும் இதே முகம்தான். நான் கழற்றி மாற்றியது அவற்றுக்கு அடியில் இருந்த இயங்குதளத்தை, முன்பிருந்ததை எடுத்துவிட்டு லினக்ஸ் மிண்ட் போட்டிருந்தேன். அவள் கண்ணில் அது படவே இல்லை என்பதைத்தான் இந்த விமர்சனத்தின் முதல் பாராட்டாக எழுதவேண்டும்.

சிஸ்டம் சாஃப்ட்வேர், அப்ளிகேஷன் சாஃப்ட்வேர் என்று ஆளுக்கு இரண்டு பத்தி மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்போம். தமிழில் படித்தவர்களுக்கு அமைப்பு மென்பொருள், பயன்பாட்டு மென்பொருள். முதலாவது கணினியையே ஓட்டுவது, இரண்டாவது அதன் மேல் நாம் பயன்படுத்தும் செயலி, அதாவது ஆப். எனக்கு அப்போது புரியாத ஒன்று, லேப்டாப் அதே, செயலிகள் அதே, நடுவில் உள்ள அடுக்கு மட்டும் வேறு என்று வைத்து ஆறு மாதம் ஓட்டியபோதுதான் புரிந்தது. எது வேகமானதோ, எது மக்கர் செய்ததோ, எது என்னை ஒரு ராத்திரி தூங்கவிடாமல் செய்ததோ, எல்லாமே கிட்டத்தட்ட அந்த நடு அடுக்கின் கணக்கில்தான் சேரும்.

கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் எங்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம், ஆனால் விண்டோஸுக்காகத் தயாரித்த ஃபயர்ஃபாக்ஸ் கோப்பை அப்படியே லினக்ஸில் வைத்தால் ஓடாது. மூல நிரல் பெரும்பாலும் பொது, அதை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாக கம்பைல் செய்து, அதாவது அங்கே ஓடக்கூடிய கோப்பாக மாற்றித் தருகிறார்கள். ஏனென்றால் ஒரு செயலி தனியாக எதையும் செய்துவிடுவதில்லை. கோப்பைத் திற, நெட்டில் இதை அனுப்பு, திரையில் இந்த இடத்தில் வரை என்று எல்லாவற்றுக்கும் கீழே ஒருவரிடம் கேட்கிறது, கேட்கும் முறை விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் ஒன்று, மேக்கில் இன்னொன்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

மிண்ட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2006-ல் கிளெமென்ட் லெஃபெப்வ்ர் தொடங்கியது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் கட்டியது, உபுண்டுவோ 2004-ல் டெபியன் என்ற இன்னொன்றின் மேல் கட்டியது, டெபியன் 1993-லிருந்து இருக்கிறது, இவை எல்லாவற்றுக்கும் அடியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதி. 22 வரிசை 2024 ஜூலையில் வந்தது, நான் போட்டது 2025 ஜனவரியில் வந்த 22.1, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இலவசம். குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் வேண்டும், வசதியாக ஓட 4 ஜிபி ரேமும் 100 ஜிபி இடமும் இருக்கட்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். என்னுடையது பதினோரு வயதான லேப்டாப், சரியாக 4 ஜிபி, உள்ளே இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான்.

இப்போது இதை எழுதக் காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் போன்ற வசதிகள் வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. அதனால் "நல்லா ஓடுற லேப்டாப்பை என்ன பண்றது?" என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். பதில் தேடும்போது பலரும் "அதில் இந்த ஆப் இருக்கா, அந்த ஆப் இருக்கா" என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அது பாதிக் கேள்விதான்.

முதலில் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் தொடாமல் லைவ் முறையில் ஓட்டிப் பார்த்தேன். மிண்ட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், யாராக இருந்தாலும் இதைச் செய்யாமல் இன்ஸ்டால் பக்கம் போகவே வேண்டாம். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள் எழுந்து வன்பொருளைச் சோதிக்கிறது, அது பூட்லோடரைத் தேடிப் பிடிக்கிறது, பூட்லோடர் கர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது, கர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் டிரைவரை, அதாவது அந்தச் சாதனத்தோடு பேசத் தெரிந்த சிறு மென்பொருளை, தேடி உட்கார வைக்கிறது, அப்புறம் பின்னணிச் சேவைகள், அப்புறம்தான் டெஸ்க்டாப். இத்தனை பேர் வேலையை முடித்துவிட்டு ஒதுங்கி நின்ற பிறகுதான் ஃபயர்ஃபாக்ஸ் என்ற ஒன்று வரவே முடியும். சிஸ்டம் சாஃப்ட்வேர் என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை, அந்தத் தொடக்கத் திரைகளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது உணர்ந்தேன்.

டெஸ்க்டாப் வந்தது. ஸ்பீக்கர் பேசியது, டச்பேட் வேலை செய்தது, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் குறைவு என்பதல்ல பிரச்சினை, வைஃபை என்ற ஒரு பொருள் லேப்டாப்பில் இருப்பதாகவே காட்டவில்லை. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் இணைப்பு இல்லை என்று எழுதிக் காட்டுகிறது, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எத்தனை முறை ரீலோடு செய்தாலும், பிரவுசரையே மாற்றினாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் கோளாறு பிரவுசருக்கு மூன்று மாடி கீழே இருக்கிறது. வைஃபை சிப்பைத் தயாரித்தவர்கள் அதற்கான டிரைவரைத் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் பார்க்கும்படி, தரவில்லை, அதனால் அது கர்னலோடு சேர்ந்து வரவில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

இதற்குத் தீர்வு கிடைத்த விதம்தான் எனக்குப் பாடமாக அமைந்தது. போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங்கை (போனின் நெட்டைக் கணினிக்குப் பகிரும் வசதியை) இயக்கினேன், அடுத்த நொடியே நெட் வந்துவிட்டது. போனை நெட்வொர்க் கார்டுபோல நடத்தத் தேவையான டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருந்தது. ஒரு சாதனத்துக்கு டிரைவர் இருக்கிறது, அது வேலை செய்கிறது, இன்னொன்றுக்கு இல்லை, அது வெறும் சில்லாகக் கிடக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு நேரத்திலும் அதே ஃபயர்ஃபாக்ஸ்தான். போன் வழியாக நெட் வந்ததும் மிண்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன், இந்தச் சிப்புக்கு ஒரு டிரைவர் உண்டு என்று அதுவே கண்டுபிடித்துக் காட்டியது, ஒரு கிளிக், வைஃபை தயார். கட்டளை எதுவும் அடிக்கவேண்டியிருக்கவில்லை. புதிதாக வருபவர்களை இந்த ஒரு இடத்தில் மிண்ட் எவ்வளவு அழகாகத் தாங்கிப் பிடிக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்ஸ்டாலேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மொழி, நேர மண்டலம், டிஸ்க்கை என்ன செய்வது என்று சில கேள்விகள், அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. டிஸ்க்கை முழுவதும் அழிக்கும் தேர்வைத் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்தும் பார்த்துவிடுங்கள், அதுதான் முக்கியம்.

சரி, மிண்ட்டின் மேல் நான் வைத்திருக்கும் மதிப்புக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

செயலிக்கும் சிஸ்டம் சாஃப்ட்வேருக்கும் என்ன வித்தியாசம் என்றால், "ஒன்று பயனருக்காக, இன்னொன்று கணினிக்காக" என்று ஒரு பதில் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. எனக்கு உதவிய பதில் வேறு: யாருக்கு எதைத் தொட உரிமை இருக்கிறது என்பது. ப்ராசஸருக்குள்ளேயே உரிமைப் படிகள் வைத்திருக்கிறார்கள். இன்டெலின் 1985-ஆம் ஆண்டு 386 ப்ராசஸரிலும் இதே குடும்பத்தில் பின்னால் வந்தவற்றிலும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நான்கு படிகள், நாம் பயன்படுத்தும் இயங்குதளங்கள் பெரும்பாலும் அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கர்னல் பூஜ்யப் படியில், அங்கே எல்லாவற்றையும் தொடலாம். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், விஎல்சி எல்லாம் மூன்றாவது படியில், அங்கே இருந்துகொண்டு டிஸ்க்கை நேரடியாகத் தொட முயன்றால் ப்ராசஸரே மறுத்துவிடும். சாஃப்ட்வேர் எழுதியவரின் நல்ல மனதை நம்பி வைத்த ஏற்பாடு இல்லை, சிலிக்கானில் போட்ட பூட்டு.

அப்படியானால் லிப்ரே ஆஃபீஸ் ஒரு கோப்பை எப்படிச் சேமிக்கிறது? கர்னலிடம் கேட்கிறது. அந்தக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். லினக்ஸில் இப்படி முந்நூறுக்கும் மேற்பட்ட சிஸ்டம் கால்கள் இருக்கின்றன. ஒருநாள் ஆர்வத்தில் டெர்மினலை (கட்டளை அடிக்கும் ஜன்னலை) திறந்து, ஒரு ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கும் இரண்டெழுத்துக் கட்டளையை சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியின் மூலம் ஓட்டிப் பார்த்தேன், அந்தச் சின்ன வேலைக்கே கர்னலிடம் போட்ட மனுக்கள் திரை முழுக்க ஓடின. திற, படி, நினைவகத்தில் இடம் கொடு, மூடு, எழுது. செயலி என்பது வாயைத் திறந்து கேட்டுக்கொண்டே இருக்கும் ஒன்று என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மென்பொருளில் ஆர்வம் உள்ள மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

நான் கண்ட்ரோல் எஸ் அழுத்தும்போது, கீழே இருப்பது சுழலும் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, பென்டிரைவா என்று லிப்ரே ஆஃபீஸுக்குக் கவலையில்லை. இந்தப் பெயரில் இந்த எழுத்துகளை வை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். எந்த இடத்தில் வைப்பது என்பதை இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை முடிவு செய்கிறது, எப்போது டிஸ்க்கில் எழுதுவது என்பதைக் கர்னல் முடிவு செய்கிறது, அதுவும் உடனே எழுதாமல் முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக எழுதும். இது எனக்குத் தெரியாத காலத்தில் ஒரு பெரிய வீடியோவைப் பென்டிரைவில் நகலெடுத்து, நூறு சதவீதம் என்று காட்டியதும் பிடுங்கிவிட்டேன், வீடியோ பாதிதான் இருந்தது. செயலியைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது, கர்னலைப் பொறுத்தவரை இன்னும் எழுத வேண்டியது பாக்கி இருந்தது. மிண்ட்டின் ஃபைல் மேனேஜரில் பென்டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எஜெக்ட் குறி இருக்கும், அதை அழுத்தி, எடுக்கலாம் என்று அது சொல்லும் வரை பொறுங்கள்.

இந்த நடு அடுக்கு இல்லாத காலமும் இருந்தது. ஆரம்பகாலக் கணினிகளில் ஒவ்வொரு நிரலரும் தன் கணக்கோடு சேர்த்து, கார்டைப் படிப்பதற்கும் அச்சடிப்பதற்கும் வேண்டிய கட்டளைகளையும் தானே கொண்டுவர வேண்டும், ஒருவர் வேலை முடிந்ததும் அடுத்தவர் வந்து கணினியைத் தயார்செய்ய வேண்டும். அந்த வீண்நேரத்தைக் குறைக்க ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து 1956-ல் ஐபிஎம் 704 என்ற கணினிக்காக ஒரு மென்பொருள் எழுதின. ஒரு வேலை முடிந்தால் அடுத்ததைத் தானாக எடுத்து ஓட்டும், உள்ளீடு வெளியீட்டுக்கான நிரல்களை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும். இயங்குதளம் என்ற இனத்தின் முதல் ஆட்களில் அது ஒன்று. எல்லோரும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்த வேலையை ஒரே இடத்தில் வைத்தார்கள். இன்றைக்கும் கர்னல் செய்வது அதுதான்.

மிண்ட்டில் ஆறு மாதத்தில் செயலிகள் பல முறை தொங்கியிருக்கின்றன. புகைப்படங்களைத் திருத்தும் ஒரு செயலி பெரிய படத்தைத் திறந்தால் அடிக்கடி உறைந்துவிடும். சிஸ்டம் மானிட்டரைத் திறந்து அந்தச் செயலியை மட்டும் முடித்துவைப்பேன், பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பிரவுசரில் டைப் செய்துகொண்டிருந்த மடல் அப்படியே இருக்கும். ஒரு செயலிக்கு இன்னொரு செயலியின் நினைவகம் தெரியாது, கர்னல் சுவர் எழுப்பி வைத்திருக்கிறது, அதனால் விழுந்தது தனியாகவே விழும்.

பூஜ்யப் படியில் ஓடும் ஒன்று விழுந்தால் கதை வேறு. 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தவறான அப்டேட் போனது, 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன, அது மைக்ரோசாஃப்ட் கொடுத்த மதிப்பீடு. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திணறின. அந்த மென்பொருளின் ஒரு பகுதி கர்னலுக்குள் டிரைவராக உட்கார்ந்திருந்தது, அது தடுக்கி விழுந்ததும் கணினி முழுவதும் சேர்ந்து விழுந்தது. அதே தவறு மூன்றாவது படியில் நடந்திருந்தால் ஒரு செயலி மூடியிருக்கும், அவ்வளவுதான். எந்த மென்பொருளை எந்தப் படியில் அனுமதிக்கிறோம் என்று கேட்காமல் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஒரு நாள் காட்டியது.

பாஸ்வேர்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. மிண்ட்டில் ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கவோ கோப்பைச் சேமிக்கவோ பாஸ்வேர்டு கேட்பதில்லை, ஆனால் டிரைவர் போடவும், நேரத்தை மாற்றவும், மென்பொருளைச் சேர்க்கவும் கேட்கும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தப் பெட்டி வந்தாலே, இது எனக்கு மட்டுமான மாற்றம் இல்லை, கணினி முழுவதற்குமானது என்று ஒரு நொடி நிதானிக்கிறேன்.

வேகம் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். முன்பு லேப்டாப்பை இயக்கி மூன்று நிமிடம் காத்திருப்பேன், இப்போது ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டினால் டெஸ்க்டாப். ஆனால் இதில் ஒரு பங்கு, வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை போய்ப் புதிதாகப் போட்டதால் வந்தது, அதை மிண்ட்டின் கணக்கில் முழுவதும் எழுதக்கூடாது. மிண்ட்டுக்குப் பல டெஸ்க்டாப்கள் உண்டு, முதலில் சின்னமன் டெஸ்க்டாப் போட்டேன், எதையும் திறக்காமலே ஒரு ஜிபிக்குப் பக்கத்தில் ரேம் எடுத்துக்கொண்டது, 4 ஜிபியில் அது கொஞ்சம் பாரம். ஒரு மாதம் கழித்து எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்கு மாறினேன், அழகு குறைவு, ஆனால் லேசாக இருக்கிறது. கீழே கர்னல் அதே, டிரைவர்கள் அதே, மேலே போர்த்திய டெஸ்க்டாப் மட்டும் வேறு என்று இவ்வளவு சுலபமாகக் கழற்றி மாட்ட முடிவது லினக்ஸில் எனக்குப் பிடித்த ஒன்று.

சும்மா இருக்கும் ரேம் மிகக் குறைவு என்று ஏதாவது ஒரு கருவி காட்டினால் பயப்படாதீர்கள், சும்மா கிடக்கும் ரேமைக் கர்னல் கோப்புகளின் நகலை வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும், செயலி கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். உண்மையிலேயே தீர்ந்தால்தான் சிக்கல். இருபது முப்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ காலும் பேசினால், கர்னல் ரேமில் இருப்பதைச் ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்குக்குத் தள்ள ஆரம்பிக்கும், சுழலும் டிஸ்க்கில் அது நரக வேதனை, மவுஸ்கூட நகராது. இன்னும் முற்றினால் ஏதாவது ஒரு செயலியைக் கர்னலே மூடிவிடும். என் பிரவுசர் இரண்டு முறை அப்படிப் போனது. அன்றைக்கு பிரவுசர் மேல் கோபம் வந்தது, ஆனால் 4 ஜிபிக்குள் யாரை வைப்பது யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டியது கர்னலின் வேலை, அது வேறென்ன செய்யும்? பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் புதுசாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அடித்தளம் லேசாகும், ஆனால் பிரவுசர் தின்னும் ரேம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதேதான்.

அப்டேட் மேனேஜர் இன்னொரு நல்ல அம்சம். விண்டோஸில் இயங்குதளத்துக்கு ஒரு வழி, பல செயலிகளுக்கு அவரவர் வழி என்று பழகியவர்களுக்கு, இங்கே கர்னலிலிருந்து லிப்ரே ஆஃபீஸ் வரை ஒரே பட்டியலில் வருவது ஆச்சரியமாக இருக்கும். ஒரே பட்டியலில் வந்தாலும் வகை பிரித்துக் காட்டுகிறது: இது கர்னல், இது பாதுகாப்பு, இது சாதாரண மென்பொருள் என்று. லிப்ரே ஆஃபீஸ் அப்டேட் என்றால் யோசிக்காமல் போட்டுவிடுவேன், கர்னல் என்றால் வேலை எதுவும் அவசரமில்லாத நாளுக்குத் தள்ளிவைப்பேன்.

அப்படித் தள்ளிவைக்காத ஒருநாள்தான் அந்தத் தூக்கமில்லாத ராத்திரி. கிராஃபிக்ஸ் டிரைவரில் ஒரு அப்டேட் போட்டேன், ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. மறுநாள் காலை அனுப்பவேண்டிய ஆவணம் உள்ளே. ஆவணம் பத்திரமாக டிஸ்க்கில் இருக்கிறது, அதைத் திறக்கும் செயலியும் பத்திரமாக இருக்கிறது, திரையில் வரைந்து காட்டவேண்டிய அந்த ஒரு சின்ன இடைத்தரகர் மட்டும் சரியில்லை, அதனால் எல்லாமே இல்லாததுபோல் ஆகிவிட்டது. அப்போதுதான் டைம்ஷிஃப்ட் காப்பாற்றியது. மிண்ட்டோடு சேர்ந்தே வரும் கருவி, சொல்லிவைத்தால் சிஸ்டம் கோப்புகளை மட்டும் அவ்வப்போது படம்பிடித்து வைக்கும், நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை இயல்பாகத் தொடாது. லைவ் பென்டிரைவில் ஏறி, டைம்ஷிஃப்டைத் திறந்து, முந்தைய நாளின் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். இருபது நிமிடத்தில் சிஸ்டம் நேற்றைய நிலைக்குத் திரும்பியது, ஆவணத்தில் அன்று மாலை எழுதிய கடைசி வரிவரை அப்படியே இருந்தது. கணினியுடையது எது, என்னுடையது எது என்று இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டு வைத்திருக்கும் ஒரு வடிவமைப்பை நான் மனதார மதிக்கிறேன். இன்ஸ்டால் செய்த அன்றே இதை இயக்கிவிடுங்கள். ஒன்று மட்டும், இது உங்கள் புகைப்படங்களுக்கும் ஆவணங்களுக்கும் பேக்கப் ஆகாது, அதைத் தனியாக எடுக்கவேண்டும்.

எல்லா இடத்திலும் அந்தக் கோடு இவ்வளவு நேராக இருக்கிறதா என்றால், இல்லை. மிண்ட்டோடு வரும் ஃபைல் மேனேஜர் சிஸ்டமா செயலியா? மூன்றாவது படியில்தான் ஓடுகிறது, கர்னலிடம் கேட்டுத்தான் எதையும் செய்கிறது, ஆனால் அது இல்லாமல் ஒரு சாதாரணப் பயனர் கணினியில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கம்பைலரைச் சிஸ்டம் சாஃப்ட்வேர் என்று பாடத்தில் படிக்கிறோம், அதுவும் மூன்றாவது படியில்தான் ஓடுகிறது. டெஸ்க்டாப்பும் அப்படித்தான். உரிமைப் படியை மட்டும் வைத்துப் பார்த்தால் இவை எல்லாம் செயலிகள், யாருக்காக வேலை செய்கின்றன என்று பார்த்தால் மற்ற மென்பொருள்களுக்கு இடம் அமைத்துக் கொடுப்பவை, அதனால் சிஸ்டம் பக்கம். நான் இரண்டாவது அளவுகோலை இங்கே ஏற்றுக்கொள்கிறேன்: ஒன்றைக் கழற்றினால் மற்ற செயலிகளுக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போகுமென்றால் அது சிஸ்டம்.

இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1998-ல் அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட்டின் மேல் தொடுத்த வழக்கில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸின் ஒரு உறுப்பா, அல்லது அதோடு கட்டிக்கொடுத்த தனிப் பொருளா என்பது முக்கியமான கேள்வியாக இருந்தது. உறுப்புதான் என்றது நிறுவனம். நெட்ஸ்கேப் போன்ற போட்டி பிரவுசர்களுக்கு அந்தப் பதிலில்தான் வாழ்வும் சாவும் இருந்தது. மிண்ட்டில் ஃபயர்ஃபாக்ஸைத் தூக்கிவிட்டு வேறு பிரவுசர் வைத்தேன், எதுவும் ஆடவில்லை, பிறகு பழகிப்போனதால் அதையே திரும்பப் போட்டேன்.

வைஃபை போக வேறு குறை என்று எடுத்தால் அது மேல் அடுக்கில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை லினக்ஸில் இன்ஸ்டால் செய்ய முடியாது, பிரவுசர் வழியாக மட்டும் அதன் இணையப் பதிப்பைப் பயன்படுத்தலாம். வைன் என்று ஒன்று 1993-லிருந்து இருக்கிறது. ஒரு விண்டோஸ் செயலி கீழே நோக்கிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் லினக்ஸுக்குப் புரியும் கேள்வியாக மாற்றிக் கேட்டுத் தரும், அருமையான யோசனை, என்னுடைய ஒரு பழைய அகராதிச் செயலி அதில் நன்றாகவே ஓடுகிறது. எல்லாச் செயலியும் அப்படி ஓடும் என்று நம்பி இறங்காதீர்கள். 1979-ல் விசிகால்க் என்ற கணக்குத் தாள் செயலிக்காகவே பலர் ஆப்பிள் 2 கணினியை வாங்கினார்கள், இன்றும் அப்படித்தான், உங்கள் தொழில் ஒரு குறிப்பிட்ட செயலியில் நடக்கிறதென்றால் அது எந்த அடித்தளத்தில் ஓடுமோ அங்கேயே இருங்கள், மிண்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உங்களுக்கு ஆகாது.

பிரிண்டர் செருகியதும் வேலை செய்தது. ஸ்கேனரும் சரி. மூடிவைத்தால் தூங்கி, திறந்தால் எழுந்துகொள்கிறது, பேட்டரி முன்பு இருந்த அளவுக்கே நிற்கிறது, கூடவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைவதற்குக் காரணம் அந்த வைஃபை. கையில் போனும் கேபிளும் இல்லாத, டிரைவர் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் லேப்டாப் கெட்டுவிட்டது என்று மூடிவைத்திருப்பார். எழுதுபவர்கள், படிப்பவர்கள், நெட்டிலேயே வேலை முடிந்துவிடுபவர்கள், நிரல் எழுதக் கற்பவர்கள் தைரியமாகப் போடலாம்.

எல்லாம் சொன்ன பிறகு தங்கையும் அவள் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், இரண்டு நாள் பென்டிரைவிலேயே ஓட்டு, வைஃபை, சவுண்டு, கேமரா, தூங்கி எழுவது நான்கையும் பார் என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: மூன்று சரி, கேமரா மட்டும் தெரியவில்லை. கேமராவின் மாடல் என்ன என்று கேட்டிருக்கிறேன்.